படி: பிரேசிலில் நிறுத்தப்பட்ட ஒரு கணினியை முன்வைத்து

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் இயல், சந்தைக்கு வர அனுமதி மறுக்கப்பட்ட ஒரு கணினியைப் பற்றியது. ஆய்வேட்டைச் சுருக்கித் தரவேண்டிய கட்டத்தில் இப்போது இருக்கிறேன். நெறியாளர் உட்படப் படித்துப் பார்த்த பலரும் முதலில் நீக்கச் சொல்வது இந்த இயலைத்தான். "வெற்றிபெறாத ஒரு நகலால் வரலாற்றுக்கு என்ன பயன்?" என்பது அவர்களுடைய மென்மையான கேள்வி. சென்ற பருவத்தில் நடந்த துறைக் கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டது அவ்வளவு மென்மையானதன்று: "திருடினார்கள், பிடிபட்டார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது?" அன்று எனக்குக் கிடைத்த இரண்டு நிமிடங்களில் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதி எனக்குத் தமிழில்தான் கிடைத்தது. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கணினி. ஆப்பிள் நிறுவனம் 1984 ஜனவரி 24 அன்று மெக்கின்டாஷை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 512 கிலோபைட் நினைவகம் கொண்ட வடிவம் வந்தது. ஒன்பது அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, ஒரு சுட்டி, மோட்டோரோலா 68000 நுண்செயலி, இவற்றோடு 64 கிலோபைட் அளவுள்ள ரோம் என்னும் நிலைநினைவகம். சாளரங்களையும் பட்டியல்களையும் எழுத்துருக்களையும் திரையில் வரைந்து காட்டும் நூற்றுக்கணக்கான செயற்கூறுகள் அந்த ரோமுக்குள் செறிவாக அடைக்கப்பட்டிருந்தன. சாவோ பாலோவைச் சேர்ந்த யூனிட்ரான் என்னும் நிறுவனம், இந்த 512 கிலோபைட் மெக்கின்டாஷுக்கு ஒரு படியை உருவாக்கியது. அதன் பெயர் மேக் 512. மெக்கின்டாஷுக்கு உலகில் எழுந்த முதல் படி என்று அதனைக் குறிப்பிடுவர்.

இதற்கான துணிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறியப் பிரேசிலின் கணினிக் கொள்கையைச் சுருக்கமாகவேனும் பார்க்க வேண்டும். 1979இல் பிரேசில் அரசு 'தகவலியல் சிறப்புச் செயலகம்' என்னும் அமைப்பை நிறுவியது. சிறு கணினிகளை உள்நாட்டு நிறுவனங்களே உருவாக்க வேண்டும், அயல்நாட்டுக் கணினிகளை அந்தச் சந்தையில் அனுமதிக்கலாகாது என்பது கொள்கை. ராணுவ ஆட்சியின் இறுதிக்கட்டத்தில், 1984 அக்டோபர் 29 அன்று, 7232ஆம் எண் சட்டம் இக்கொள்கையை எட்டு ஆண்டுகளுக்கு உறுதிசெய்தது. 'சந்தை ஒதுக்கீடு' என்று அங்கே இதனை அழைத்தார்கள். அயல்நாட்டுப் பொருள் வராத இடத்தில் உள்நாட்டுப் படிகள் பெருகின. ஆப்பிள் இரண்டுக்குப் படிகள் வந்தன. யூனிட்ரானே அவற்றில் ஒன்றைச் செய்து விற்றது. பிரிட்டனின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியை மைக்ரோடிஜிட்டல் நிறுவனம் டிகே90எக்ஸ் என்ற பெயரில் 1985இல் வெளியிட்டது. அந்தப் படியில் போர்த்துக்கீசிய மொழிக்குரிய அழுத்தக்குறி எழுத்துகளைச் சேர்த்திருந்தார்கள். மூலத்தில் அவை இல்லை. என் ஆய்வில் இச்சிறு செய்தியை அடிக்கோடிட்டே வைத்திருக்கிறேன். படியெடுத்தவர் தம் மொழிக்காக எதையோ கூட்டியிருக்கிறார்; கூட்டுவதற்கு முன்பு அந்த இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

யூனிட்ரானின் பணியை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒன்று வன்பொருள். மோட்டோரோலா நுண்செயலியை விலைக்கு வாங்கலாம். ஆனால் ஆப்பிள் தனக்கென வடிவமைத்துக்கொண்ட, வட்டியக்கியைக் கட்டுப்படுத்தும் சில்லு போன்றவை எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா. அவற்றின் கால்களில் எந்தக் கணத்தில் எந்தச் சைகை வருகிறது, எது சென்றால் எது திரும்புகிறது என்று அளந்து, அளந்ததிலிருந்து உள்ளே இருப்பதை ஊகித்து, ஊகத்தைச் சுற்றாக மாற்றி மீண்டும் சோதிக்க வேண்டும். இதனைத் திருட்டு என்று சொல்வது கடினம். பூட்டிய வீட்டினுள் என்ன நடக்கிறது என்பதை வாயிலில் வருவோர் போவோரைக் கொண்டு அறிவதற்கு ஒப்பான வேலை இது.

இரண்டாவது, ரோமினுள் இருந்த நிரல். சிக்கல் இங்கேதான். மூலத்திலிருந்து அதனைப் பெயர்த்துக்கொண்டார்கள் என்றது ஆப்பிள். தாமே எழுதியது என்றது யூனிட்ரான். ஒரு நிரலைப் பெயர்ப்பதற்கும் அதே செயலைச் செய்யும் வேறொரு நிரலை எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு, ஒருவரின் விடைத்தாளைப் பார்த்தெழுதுவதற்கும் அதே வினாவுக்குத் தாமே விடை காண்பதற்கும் உள்ள வேறுபாடு. பேராசிரியரின் 'திருட்டு' என்ற சொல்லுக்கு இடமிருக்குமானால், அது இந்த இரண்டாம் பகுதியில் மட்டுமே. முழு இயந்திரத்தின் மீதும் அச்சொல்லைப் போர்த்திவிட்டால், முதற்பகுதியில் நிகழ்ந்த உழைப்பு நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். என் இயல் அதற்கு எதிரானது.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க அமெரிக்காவே கற்றுக்கொண்டிருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிராங்க்ளின் என்னும் அமெரிக்க நிறுவனம் ஆப்பிள் இரண்டின் ரோம் நிரலை அப்படியே எடுத்துக்கொண்டது. 1983 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சில்லுக்குள் பதிந்திருக்கும் நிரலுக்கும் இயக்க முறைமைக்கும் பதிப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதுவரை தெளிவற்றிருந்த கோடு அன்றுதான் அழுத்தமாக வரையப்பட்டது. அதே ஆண்டில் காம்பாக் நிறுவனம் ஐபிஎம் கணினியின் படியை விற்கத் தொடங்கியது. ஐபிஎம்மின் அடிப்படை நிரலை ஒரு குழு படித்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுக்க, மூலத்தைப் பார்த்திராத இன்னொரு குழு புதிய நிரலை எழுதியது. காம்பாக் செய்தது சட்டப்படி சரி. இன்று மேலாண்மைப் பாடங்களில் அது ஒரு வெற்றிக்கதை. ஆனால் ஐபிஎம்மின் அந்த அடிப்படை நிரல் எட்டுக் கிலோபைட் அளவினது. அதன் மூல வரிகளை ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. மெக்கின்டாஷின் ரோம் அதைப்போல் எட்டு மடங்கு; மூல வரிகளோ வெளியிடப்படாதவை. படியெடுப்போர் ஏறவேண்டிய ஏற்றம் இரண்டு இடங்களிலும் ஒன்றாக இல்லை.

பிராங்க்ளின் செய்ததை மனத்தில் வைத்து, மெக்கின்டாஷ் குழுவினர் தம் ரோமுக்குள் ஒரு பொறியை ஒளித்துவைத்தார்கள். குறிப்பிட்ட கட்டளையை இட்டால், சிறைக்கம்பிகளின் படத்தோடு 'ஆப்பிளிடமிருந்து திருடப்பட்டது' என்ற வாசகம் திரையில் தோன்றும். யாரேனும் ரோமை அப்படியே பெயர்த்தால், நீதிமன்றத்தில் அவருடைய கணினியையே சாட்சியாக்கிவிடலாம் என்பது திட்டம். இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு நிறுவனத்தின் பெயர் நினைவுக்கு வரும். 1979ஆம் ஆண்டின் இறுதியில் ஆப்பிள் குழுவினர் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வகத்துக்குச் சென்று, சாளரங்களும் சுட்டியும் கொண்ட கணினியைப் பார்த்துவந்தனர். மெக்கின்டாஷின் முகத்தோற்றத்தில் அந்த வருகையின் தடயம் உண்டு. அந்த ஆய்வகத்தை நடத்தியது ஜெராக்ஸ். நம் நாட்டில் ஒவ்வொரு கல்லூரி வாயிலிலும் எந்தச் செயலுக்கு நாம் பெயராக வைத்திருக்கிறோமோ, அதே ஜெராக்ஸ். நியாயமாகச் சொன்னால், அந்த வருகைக்கு ஈடாக ஆப்பிளின் பங்குகளை வாங்கும் வாய்ப்பு ஜெராக்ஸுக்குத் தரப்பட்டது. மெக்கின்டாஷ் குழு தன் நிரலைத் தானே எழுதியது. பார்த்தவற்றோடு பல புதியவற்றையும் சேர்த்தது. ஆகவே ஆப்பிளைத் திருடன் என்று அழைக்க நான் இதைச் சொல்லவில்லை. பார்த்துக் கற்று, கற்றதிலிருந்து எழுந்து நிற்க ஆப்பிளுக்கு வாய்ப்பும் காலமும் இருந்தன என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

யூனிட்ரானுக்கு இல்லாமற்போனது அந்தக் காலம். 1985 செப்டம்பர் 7 அன்று அமெரிக்க அதிபர் ரீகன், பிரேசிலின் கணினிக் கொள்கைமீது வணிகச் சட்டத்தின் 301ஆம் பிரிவின்கீழ் விசாரணை தொடங்கப்படும் என்று அறிவித்தார். செப்டம்பர் 7 பிரேசிலின் விடுதலை நாள். அந்நாட்டு மக்கள் இந்தப் பொருத்தத்தைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. இரண்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தைகள் நடந்தன. 1987இல், உள்நாட்டு நிறுவனமான ஸ்கோபஸ் ஈடான இயக்க முறைமையை உருவாக்கிவிட்டது என்று கூறி, எம்எஸ்-டாஸ் உரிமம் பெற விரும்பிய பிரேசில் நிறுவனங்களுக்குச் செயலகம் அனுமதி மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில், 10.5 கோடி டாலர் மதிப்புள்ள பிரேசில் ஏற்றுமதிப் பொருள்கள்மீது தண்டனைத் தீர்வை விதிக்கப்போவதாக ரீகன் அறிவித்தார். அடுத்த மாதம், டிசம்பர் 18 அன்று, மென்பொருளுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு அளிக்கும் 7646ஆம் எண் சட்டம் பிரேசிலில் நிறைவேறியது. அமெரிக்காவின் தண்டனைத் தீர்வை பின்னர் நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த மோதலின் நேரடிக் காரணம் மேக் 512 அன்று என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். எனினும் அந்தக் கணினியின் கோப்பு அதே ஆண்டுகளில் அதே செயலகத்தின் மேசையில் இருந்தது. ஆப்பிளின் எதிர்ப்பும் அமெரிக்க அரசின் அழுத்தமும் ஒருங்கே வந்த சூழலில், மேக் 512க்கான ஒப்புதல் தள்ளிப்போடப்பட்டு, இறுதியில் மறுக்கப்பட்டது. சில பொறிகள் மட்டும் இன்று எஞ்சியுள்ளன. ஆப்பிள் இரண்டின் படியைத் தடையின்றி விற்ற அதே நிறுவனம், மெக்கின்டாஷின் படியை விற்க முடியாமற்போனது ஏன் என்ற கேள்விக்கு, 'முன்னது நேர்மையானது, பின்னது களவு' என்ற விடை பொருந்தாது. முன்னது செய்யப்பட்டபோது கதவு திறந்திருந்தது. பின்னது முடியும் தறுவாயில் கதவு சாத்தப்பட்டது.

பிரேசிலின் கணினிக் கொள்கை உருவாக்கத்தில் பங்கேற்றுப் பின்னாளில் அறிவியல், தொழில்நுட்பச் சமூகவியலின் பக்கம் வந்த இவான் த கோஸ்டா மார்க்கேஸ் இந்தக் கணினியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். படியெடுத்தலுக்கும் படைத்தலுக்கும் இடையிலான எல்லை இயற்கையாக அமைந்த ஒன்றன்று, அது யாராலோ எப்போதோ வரையப்படுவது என்ற பார்வையை அவரிடமிருந்தே நான் பெற்றேன். அவருடைய கட்டுரைகளுக்காகவே ஓராண்டுக் காலம் தட்டுத்தடுமாறிப் போர்த்துக்கீசியம் பயின்றேன். அவரோடு எனக்கு ஓரிடத்தில் தயக்கமும் உண்டு. சந்தை ஒதுக்கீட்டின் விலையைக் கொடுத்தவர்கள் பிரேசிலின் பொதுமக்கள். உள்நாட்டுக் கணினிகள் அங்கே விலை மிகுந்தவையாக இருந்தன, கடத்தல் பெருகியது, புதிய கருவிகள் ஆய்வாளர்களுக்குக் காலந்தாழ்ந்தே கிடைத்தன. 1992 அக்டோபரில் ஒதுக்கீடு முடிவுக்கு வந்தபோது அதற்காக வருந்தியோர் மிகப் பலரல்லர். மேக் 512ஐ வீரகாவியமாக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு நாட்டின் பொறியாளர்கள் எதைக் கற்றுக்கொண்டிருந்தார்கள், அந்தக் கல்வி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைப் பதிவுசெய்வதே என் நோக்கம்.

இந்தியாவில் அமர்ந்துகொண்டு இதை ஏன் எழுதவேண்டும் என்றும் கேட்கிறார்கள். 1989 மே மாதத்தில் அமெரிக்கா 'சூப்பர் 301' பட்டியலை வெளியிட்டபோது, அதில் இடம்பெற்ற நாடுகள் மூன்று: ஜப்பான், பிரேசில், இந்தியா. காரணங்கள் வெவ்வேறு, பட்டியல் ஒன்று. அதற்கும் முன்பே, 1984இல், நம் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. கணினியில் நாம் பிரேசிலின் வழியில் செல்லவில்லை. மருந்துத் துறையில் சென்றோம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்தைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை. வேறொரு முறையில் அதே மருந்தைச் செய்து காட்டுவது சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தது. 2005இல் அந்தக் கதவு மூடப்படும்வரை நமக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கால இடைவெளி கிடைத்தது. அந்த இடைவெளியில் நம் வேதியியலாளர்கள் படியெடுத்தார்கள். படியெடுத்துப் படியெடுத்துக் கைதேர்ந்தார்கள். இன்று உலகின் ஏழை நாடுகள் பலவற்றில் இந்திய மாத்திரைகள் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த முப்பது ஆண்டுகளை மூன்றாகச் சுருக்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், யூனிட்ரானில் நேர்ந்தது விளங்கும்.

இனி, தமிழில் கிடைத்த விடை. நம் மொழியில் 'படி' என்பது ஏவல்: கற்றுக்கொள். 'படி' என்பது பெயர்: பிரதி. 'படி' என்பது இன்னொரு பெயர்: ஏறுவதற்குரிய அடுக்கு. இவை ஒரே வேரினவா என்று சொல்லும் மொழியியல் தகுதி எனக்கில்லை. அந்த வாதத்துக்குள் நான் நுழையவுமில்லை. ஆனால் ஏட்டுச்சுவடிகள் செல்லரித்துப் போகும் நாட்டில், கற்பவர் தமக்கென ஒரு படி எழுதிக்கொள்வது கல்வியின் ஒரு பகுதியாகவே இருந்தது. படித்தலும் படியெடுத்தலும் ஒரே கையால், ஒரே எழுத்தாணியால் நடந்தன. எழுதும்போது பிழை திருத்தியவர் உண்டு. பிழை சேர்த்தவரும் உண்டு. அவ்வாறு படியெடுத்தவர்களின் வரிசை அறுந்திருந்தால், பதிப்பிப்பதற்கு நூல்களே எஞ்சியிரா. கருத்தரங்கில் ஆங்கிலத்தில் 'நகல்' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அச்சொல்லோடு ஒட்டிவந்த இழிவை விலக்க எனக்கு வழி தெரியவில்லை. 'படி' என்று எண்ணத் தொடங்கியபோது, யூனிட்ரான் எந்த அடுக்கில் நிறுத்தப்பட்டது என்று கேட்க முடிந்தது.

இந்தக் கேள்வி எனக்கு வெறும் கோட்பாடன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் தலைமுறை நான். இளங்கலைக் காலத்தில் விலைகொடுத்து வாங்கிய ஆங்கில நூல்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். மற்றவை யாவும் பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு எடுத்த ஜெராக்ஸ். அதிலும் பல, ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஓரத்து எழுத்துகள் வெட்டுண்டு போயிருக்கும். அவற்றை ஊகித்தே வாசித்தேன். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தின் ஜெராக்ஸ் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் மூன்று பன்னாட்டுப் பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கைப் பலர் அறிவீர்கள். கற்பித்தலின் பொருட்டு நூற்பகுதிகளைப் படியெடுப்பது உரிமை மீறலாகாது என்று 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பு வேறுவிதமாக அமைந்திருந்தாலும் நான் படித்த படிகள் மறைந்திரா. எனக்குப் பின் வருவோருக்கு அந்த அடுக்கு இருந்திராது. பிடிபட்டவர்களைப் பற்றி ஆராய என்ன இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்ட அவையில், என்னைப்போலவே ஜெராக்ஸில் படித்து வந்தவர்கள் பாதிப்பேராவது இருந்திருப்பர்.

இயலை நீக்குவதில்லை என்று முடிவுசெய்திருக்கிறேன். நெறியாளரிடமும் தெரிவித்துவிட்டேன், இருபது பக்கங்களை வேறெங்கேனும் குறைத்துத் தரச் சொல்லியிருக்கிறார். வெற்றிபெற்ற இயந்திரங்களுக்கு நிறுவனங்களே வரலாறு எழுதிவிடுகின்றன. நிறுத்தப்பட்டவற்றுக்கு எஞ்சுவது கோப்புகளும், பரண்மேல் கிடக்கும் ஒன்றிரண்டு பலகைகளும், செய்தவர்களின் நினைவும்தான். அவர்களும் முதுமை எய்திவிட்டனர்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1980களில் இந்தியாவிலும் சிறு கணினிகளைத் திறந்து, அளந்து, படியெடுத்து, தொகுத்த பொறியாளர்கள் இருந்தார்கள். உங்கள் பெற்றோரோ ஆசிரியரோ அவர்களுள் ஒருவராக இருந்தால், அவர்கள் கையால் வரைந்த சுற்று வரைபடங்களையும் குறிப்பேடுகளையும் பழைய தாள்களோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முடிந்தால் ஒளிவருடி எடுத்து வையுங்கள். இல்லையேல், அருகிலிருக்கும் கல்லூரி நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். என் ஆய்வேட்டுக்கு அவை தேவைப்படா. அடுத்து வரும் யாரோ ஒருவர் எழுதப்போகும் இயலுக்குத் தேவைப்படும்.